லுமாவிக்குக்குப் போய்ச் சேராத கடிதம்

1

என் சம்பந்தியம்மா கருவாடு விற்பவர். இந்த ஒரு வரியை எழுத எனக்கு ஐந்து வருடம் பிடித்திருக்கிறது.

அவருடைய பெயர் மிலாக்ரோஸ். பிலிப்பைன்ஸில் சமார் தீவின் கிழக்குக் கரையில், பசிபிக் கடலைப் பார்த்தபடி கிடக்கும் லுமாவிக் என்ற சின்ன நகராட்சியில் இருக்கிறார். ஊரின் பெயரை மாற்றியிருக்கிறேன். அங்குள்ளவர்கள் தமிழ் படிக்கப் போவதில்லை என்றாலும் மாற்றத்தான் வேண்டும் என்று தோன்றியது.

யாழ்ப்பாணத்திலும் கனடாவிலும் சிட்னியிலும் உள்ள எங்கள் சொந்தக்காரருக்கு நான் சொல்லி வைத்திருந்தது வேறு. "மாப்பிள்ளையின்ர ஆக்கள் கடலுணவு ஏற்றுமதி செய்யிறவை." இதைப் படிக்கிறவர்களில் பலருக்கு நானே என் வாயால் அப்படிச் சொன்னேன். போன மாதம் என் மகளின் ஐந்தாவது கல்யாண நாள் வந்து போனது. எங்களைக் கூப்பிடவில்லை. அன்றைக்குத்தான் இதை எழுதத் தொடங்கினேன்.

நான் மெல்பேர்னில் நோபல் பார்க்கில் இருக்கிறேன். டண்டினோங் பக்கம் ஒரு குளிர்களஞ்சியத்தில் வேலை. உறைந்த இறைச்சிப் பெட்டிகளை ஃபோர்க்லிஃப்டில் ஏற்றி இறக்குவேன். மனைவி சறோ. ஒரே மகள் நிலானி, மருந்தாளர். அவள் வேலை செய்யும் மருந்துக்கடையில் தடுப்பூசி வைக்கும் குளிர்பெட்டி பழுதானபோது அதைத் திருத்த வந்தவர்தான் ஜோமார். குளிரூட்டி மெக்கானிக். அப்போது தற்காலிக வேலை வீசாவில் இருந்தார். டண்டினோங்கில் ஒரு வீட்டில் நான்கு பேரோடு தங்கியிருந்தார்.

முதல் தடவை எங்கள் வீட்டுக்கு வந்தபோது படிக்குக் கீழேயே சப்பாத்தைக் கழற்றி வைத்தார். சோற்றைக் கையால் பிசைந்து சாப்பிட்டார். நானும் அவரும் பேசுவது ஆங்கிலத்தில். எங்கள் இருவருக்கும் அது இரவல் மொழி. இங்கே அவர் சொன்னவற்றைத் தமிழில் தருகிறேன்.

"என் அப்பா மீன்பிடிக்காரர், அங்கிள். எனக்குப் பத்து வயதாக இருக்கும்போது கடலோடு போய்விட்டார். அம்மாதான் வளர்த்தார்." ஃபோனில் ஒரு படத்தைக் காட்டினார். பெரிய ஓலைத் தொப்பி போட்ட மெலிந்த பெண் ஒருவர் மூங்கில் தட்டிகளுக்கு முன்னால் குந்தியிருந்து, பிளந்த மீன்களைத் திருப்பிப் போட்டுக்கொண்டிருந்தார்.

சறோ படத்தைப் பார்த்து, "நல்ல படம்" என்றுவிட்டுக் குசினிக்குள் போனாள். நான் பின்னால் போனேன்.

"சிட்னி அண்ணைக்கு இதை என்னெண்டு சொல்லுறது?" என்று கேட்டாள். "எங்கட பக்கத்தில ஒருத்தரும் மீன் தொழில் ஆக்களோட சம்பந்தம் செய்யேல்லை."

"அதை நான் பாத்துக்கொள்ளுறன்" என்றேன். அன்றைக்கே ஏற்றுமதிக் கதை பிறந்தது.

2

கல்யாணத்துக்கு மிலாக்ரோஸ் வர வேண்டும். அதற்குப் பார்வையாளர் வீசா வேண்டும். ஜோமாரோ தற்காலிக வீசாவில் இருப்பவர், சொந்த வீடும் இல்லை. அதனால் வீடு வைத்திருக்கும் குடியுரிமைக்காரர் ஒருவர் "இவர் என் வீட்டில் தங்குவார், பொறுப்பு என்னுடையது" என்று அழைப்புக் கடிதம் எழுதினால் நல்லது என்று வீசா அலுவல் பார்ப்பவர் சொல்லியிருந்தார்.

"நான் எழுதுறன். நீங்கள் யோசிக்காதையுங்கோ" என்று நிலானிக்கு முன்னால் ஜோமாரிடம் சொன்னேன். அந்த நேரத்தில் மனசாரத்தான் சொன்னேன்.

அந்தக் கிழமையே சிட்னியிலிருந்து சறோவின் அண்ணர் ஃபோன் எடுத்தார். "மச்சான், மாப்பிள்ளையின்ர தாய் வாறாவாமே? நல்லது. என்ர சினேகிதர் ஒருத்தர் இறால் இறக்குமதி செய்யிறவர். கலியாணத்தில ரெண்டு பேரையும் கதைக்க விட்டால் ஏதும் பிசினஸ் சரிவரும். அவையளின்ர கொம்பனிக்குப் பெயர் என்ன?"

"கேட்டுச் சொல்லுறன்" என்றேன். ஃபோனை வைத்தேன். முந்நூறு பேர் கூடும் மண்டபத்தில் அந்தப் பெண் நிற்பதையும், மச்சான் தன் சினேகிதரை அவரிடம் கூட்டிக்கொண்டு போவதையும் நினைத்துப் பார்த்தேன்.

குடிவரவுத் திணைக்களம் அழைப்புக் கடிதத்தைக் கேட்டு, இந்தத் திகதிக்குள் தர வேண்டும் என்று எழுதியிருந்தது. கெடு முடிய இரண்டு நாள் இருக்கும்போது கடிதத்தை எழுதி, கையெழுத்துப் போட்டு, வீட்டு வரிப் பற்றுச்சீட்டையும் சேர்த்து மிலாக்ரோஸின் மின்னஞ்சலுக்கு அனுப்பினேன். அவருடைய விண்ணப்பத்தை அந்த ஊர் நகராட்சி அலுவலகத்தில் ஒரு எழுதுவினைஞர்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

மத்தியானம் வேலையிடத்துச் சாப்பாட்டு அறையில் கையுறையைக் கழற்றிவிட்டு ஃபோனைப் பார்த்தேன். கடிதம் போய்ச் சேரவில்லை, அப்படியொரு முகவரி இல்லை என்று தானாக வரும் மறுமொழி கிடந்தது. பெயரில் ஒரு எழுத்தைப் பிழையாக அடித்திருந்தேன். 'ஓ' வர வேண்டிய இடத்தில் 'ஏ'. திருத்தி அனுப்ப ஒரு நிமிடம் போதும்.

ஃபோனைச் சட்டைப்பைக்குள் வைத்தேன். சாப்பாட்டுப் பெட்டியைத் திறந்து சாப்பிட்டேன். வீட்டுக்குப் போய்ச் செய்யலாம் என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். வீட்டுக்குப் போய் அந்த மறுமொழியை அழித்தேன்.

எழுத்துப் பிழை தற்செயலாக வந்தது. மிச்சம் எல்லாம் நான் செய்தது.

மறுநாள் ஜோமார் ஃபோன் எடுத்தார். "அங்கிள், அம்மாவுக்குக் கடிதம் இன்னும் கிடைக்கவில்லையாம்."

"நான் நேற்றே அனுப்பிட்டன். அங்க இன்டர்நெட் சரியில்லையோ தெரியாது."

"இருக்கும் அங்கிள். போன வாரப் புயலில் தொலைபேசிக் கோபுரம் விழுந்துவிட்டது. தொந்தரவு தருகிறேன், மன்னியுங்கள்." கொஞ்சம் தயங்கிவிட்டு, "எனக்கும் ஒரு பிரதி அனுப்ப முடியுமா? நான் இங்கிருந்து முயற்சி செய்கிறேன்" என்றார்.

"வீட்டுக் கம்பியூட்டரில கிடக்கு. பின்னேரம் அனுப்புறன்."

அனுப்பினேன். மறுநாள் பின்னேரம், கெடு முடிந்த பிறகு. வேலையில் மறந்துவிட்டேன் என்றேன். ஜோமார், "பரவாயில்லை அங்கிள்" என்றார். மூன்று கிழமையில் வீசா மறுக்கப்பட்டதாகக் கடிதம் வந்தது.

3

ஒரு பக்கக் கடிதத்தின் பெறுமதி தெரியாதவன் என்றால் என்னைக் கொஞ்சம் மன்னிக்கலாம். நான் படகில் வந்தவன். வில்லாவுட் தடுப்பு முகாமில் பதினைந்து மாதம் இருந்தேன். அதற்கு முன்னால் ஊரில், விதானையார் என்ற கிராம அலுவலர் கையெழுத்துப் போட்ட துண்டு இல்லாமல் ஒரு சோதனைச் சாவடியையும் தாண்ட முடியாமல் வாழ்ந்தவன்.

வில்லாவுட்டுக்கு ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு வெள்ளைக்கார அம்மா வருவார். ஓய்வு பெற்ற தபால் ஊழியர். என்னைப் போன்றவர்களோடு அரை மணி நேரம் இருந்து பேசிவிட்டுப் போவார். என் பெயரைச் சரியாகச் சொல்ல அவருக்குக் கடைசிவரை வரவில்லை. என் வழக்கு ஒரு கட்டத்துக்கு வந்தபோது, வெளியே விட்டால் இவர் என் வீட்டில் தங்கலாம் என்று அவராகவே ஒரு கடிதம் எழுதினார். வழக்கறிஞர் அதன் பிரதியை எனக்குக் காட்டினார். என் பெயர் இருபத்தொரு எழுத்து. ஒன்றுகூடப் பிழைக்கவில்லை.

அந்தக் கடிதம் வழக்குக்கு எவ்வளவு உதவியதோ தெரியாது. படித்த அன்று ஒழுங்காக நித்திரை கொண்டேன் என்பது தெரியும். அதே நான்தான் சாப்பாட்டு அறையில் ஃபோனைச் சட்டைப்பைக்குள் வைத்தேன்.

4

கல்யாணம் டண்டினோங்கில் ஒரு மண்டபத்தில் நடந்தது. ஐயர் மாப்பிள்ளையின் தாய் தகப்பனைக் கூப்பிட்டபோது எங்கள் சினேகிதர் ஒருவரும் அவருடைய மனைவியும் எழுந்து போய் நின்றார்கள். ஜோமார் பக்கத்தில் அவரோடு வேலை செய்யும் இரண்டு பேர். ஜோமாரின் ஃபோனை ஒரு கம்பியில் பொருத்தி மணவறைக்கு எதிரே நிறுத்தியிருந்தார்கள். அதன் வழியாக லுமாவிக்கில் பார்த்துக்கொண்டிருப்பதாகச் சொன்னார்கள். நான் அந்த ஃபோனுக்கு முன்னால் போகாமல் சுற்றிச் சுற்றி நடந்தேன்.

மச்சான் சாப்பாட்டு மேசையில் கேட்டார். "தாய்க்கு வீசா குடுக்கேல்லையாமே?"

"ஓம். கடைசி நேரத்தில மறுத்துப்போட்டாங்கள்."

"ச்சா. உவங்கள் இப்பிடித்தான்." அவர் சோகமாகத் தலையாட்டினார். நானும் ஆட்டினேன். மனதுக்குள் ஒரு நிம்மதி. அதை இன்றைக்கும் மறக்க முடியவில்லை. மகளின் கல்யாணத்தன்று நான் நிம்மதியாக இருந்தேன், ஒரு தாய் வராததால்.

5

இந்த வருடம் ஜோமாருக்கு நிரந்தர வதிவிடம் கிடைத்தது. பேத்தி மாயாவுக்கு மூன்று வயது. லுமாவிக்கில் மே மாதம் ஊர்ப் பெருநாள். "எல்லோரும் போகலாம்" என்றார் ஜோமார். மறுக்க என்னிடம் காரணம் இருக்கவில்லை.

மணிலாவிலிருந்து டக்லோபானுக்கு விமானம், அங்கிருந்து தரைவழியாக வான் வண்டியில் ஐந்து மணி நேரம். ஊர் வந்ததும் நான் தேடியது ஓலைக் குடிசைகளை. உண்மையில் அங்கே இருந்தது ஒரு கடற்கரைத் தெரு, மஞ்சள் பூசிய தேவாலயம், இரண்டு மாடி நகராட்சி மண்டபம், தகரக் கூரை போட்ட கூடைப்பந்துத் திடல், அலைத் தடுப்புச் சுவர் நெடுகிலும் இருபுறமும் மூங்கில் கட்டிய படகுகள். பிள்ளைகள் வெள்ளைச் சட்டையில் பள்ளிக்கூடம் விட்டு வந்துகொண்டிருந்தார்கள். ஒவ்வொரு வாசலிலும் நிறுத்தி ஜோமாரைச் சாப்பிடக் கூப்பிட்டார்கள். சாப்பிட்டுத்தான் நகர விட்டார்கள்.

மிலாக்ரோஸ் வாசலில் நின்றார். படத்தில் பார்த்ததைவிடச் சின்ன உருவம். மாயாவைத் தூக்கி முகர்ந்து பார்த்தார். பிறகு சறோவின் கைகளைப் பிடித்துக்கொண்டு, தெளிவான ஆங்கிலத்தில், "என் மகனுக்குச் சோறு போட்டதற்கு நன்றி" என்றார். சறோவுக்கு அதற்குப் பதில் சொல்லும் அளவுக்கு ஆங்கிலம் வரவில்லை. எனக்கும்தான்.

பெருநாள் சாப்பாட்டுக்கு அந்த வீட்டுக்கு ஊரே வந்து போனது. ஐம்பது வயது மதிக்கத்தக்க குண்டான ஒரு பெண் தட்டோடு என்னிடம் வந்தார். பெயர் எட்னா, நகராட்சியில் பிறப்பு இறப்புப் பதிவு பார்க்கும் எழுதுவினைஞர்.

"சார், நீங்கள்தானே கடிதம் எழுதியவர்?" என்றார். "ஐந்து வருடமாக உங்களிடம் மன்னிப்புக் கேட்கக் காத்திருக்கிறேன்."

என்னைக் கையோடு நகராட்சி மண்டபத்துக்கு அழைத்துப் போனார். அலுமாரியிலிருந்து ஒரு தடித்த கோப்பை எடுத்து வைத்தார். மேலே மிலாக்ரோஸின் பெயர். உள்ளே பராங்காய் தலைவரின் நற்சான்று. எங்கள் விதானையார் கடிதம் போன்றது. பாதிரியாரின் கடிதம். நகரத் தலைவரின் கடிதம். சந்தைப் பெண்கள் முப்பது பேர் கையெழுத்திட்ட ஒரு தாள்: 'இவர் எங்களோடு இருபத்தைந்து வருடமாக வியாபாரம் செய்கிறார். கட்டாயம் திரும்பி வருவார்.' சிலர் கைநாட்டு வைத்திருந்தார்கள்.

"எல்லாம் இருந்தது சார், உங்கள் கடிதம் மட்டும்தான் இல்லை" என்றார் எட்னா. "அந்த வாரம் புயலுக்குப் பிறகு ஊரில் மின்சாரம் இல்லை. இங்கே ஒரு ஜெனரேட்டர் இருந்தது, எரிபொருள் இல்லை. மீனவர் சங்கத்து ஆட்கள் படகுக்கு வைத்திருந்த பெற்றோலைக் கொண்டுவந்து தந்தார்கள். இரண்டு நாள் அவர்கள் கடலுக்குப் போகவில்லை. அதை வைத்துக் கம்பியூட்டரையும் செயற்கைக்கோள் இணைப்பையும் ஓட்டினோம். மிலா அதோ அந்த வாங்கில் உட்கார்ந்திருந்தார். திறக்கும்போது வருவார், பூட்டும்போது போவார். நான் பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை பார்த்தேன். எங்கள் இணைப்பு அவ்வளவு மோசம் சார். உங்கள் கடிதத்தை எங்கேயோ தொலைத்துவிட்டது. எங்களுக்குப் பெரிய வெட்கமாகிவிட்டது."

நான் வாங்கைப் பார்த்தேன்.

"ஆனால் நல்லதும் நடந்தது" என்று அவர் யன்னலுக்கு வெளியே காட்டினார். தேவாலயத்துக்குப் பின்னால் சிவப்பும் வெள்ளையுமாக ஒரு புதிய தொலைபேசிக் கோபுரம். "இணைப்பு இல்லாததால் ஒரு தாய் ஒரே மகனின் கல்யாணத்துக்குப் போக முடியவில்லை என்று எழுதி, ஊர் முழுக்கக் கையெழுத்து வாங்கி மாகாணத்துக்கு அனுப்பினோம். இரண்டு வருடத்தில் கோபுரம் வந்தது. உங்கள் கடிதம்தான் சார் கொண்டுவந்தது."

அவர் சிரித்தார். நானும் சிரித்தேன் என்று நினைக்கிறேன்.

6

மறுநாள் விடிந்து கொஞ்ச நேரத்தில் மிலாக்ரோஸ் தட்டிகளில் மீன் பரப்பிக்கொண்டிருந்தார். மற்றவர்கள் எழும்பவில்லை. நான் பக்கத்தில் போய் நின்றேன். அவர் ஒரு கூடையை என் பக்கம் தள்ளினார். நானும் பரப்பினேன். பாதித் தட்டி முடிந்ததும் சொன்னேன். பிழையான எழுத்து, போய்ச் சேரவில்லை என்று வந்த மறுமொழி, அதை அழித்தது, ஜோமாருக்குப் பிரதி அனுப்பாமல் வைத்திருந்தது, எல்லாம். என் ஆங்கிலத்தில் அதற்கு நிறைய நேரம் பிடித்தது.

அவர் கை நிற்கவில்லை. வரிசை முடிந்த பிறகுதான் நிமிர்ந்தார்.

"ஏன் அப்படிச் செய்தீர்கள்?"

நான் தட்டியில் கிடந்த மீனைப் பார்த்தேன். அவரும் பார்த்தார். அதற்கு மேல் அதைப் பற்றிக் கேட்கவில்லை.

"ஜோமாருக்குத் தெரியுமா?"

"தெரியாது."

"உங்கள் மகளுக்கு?"

"தெரியாது. உங்களுக்குத்தான் முதலில் சொல்லுகிறேன்."

"எனக்கு ஏன் சொன்னீர்கள்?" குரல் உயரவில்லை. "நேற்று வரைக்கும் எனக்கு அது புயல். புயல்மேல் யாரும் கோபப்படுவதில்லை. இனி நான் என் மகனுக்கு முன்னால் ஒன்றும் தெரியாத மாதிரி இருக்க வேண்டும். உங்கள் பாரம் குறைந்தது, எனக்குக் கூடிவிட்டது."

மன்னியுங்கள் என்றேன். அவர் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

"பெற்றோல் தந்தவர்கள் இருக்கிறார்கள். ஞாயிறு பூசைக்குப் பிறகு படகுக் கொட்டிலில் கூடுவார்கள். சொல்ல வேண்டும் என்றால் அவர்களுக்குச் சொல்லுங்கள்" என்றுவிட்டு அடுத்த கூடையை எடுத்தார்.

அறைக்குத் திரும்பி வந்து சறோவிடம் சொன்னேன். ஐந்து வருடமாக அவளுக்கும் சொல்லாத விஷயம். அவள் கட்டிலில் இருந்தபடி கேட்டாள். திட்டுவாள் என்று நினைத்தேன்.

"வீசா இல்லையெண்டு கேள்விப்பட்ட உடன எனக்குச் சந்தோசமாத்தான் இருந்தது" என்றாள். "அதை ஒருத்தருக்கும் சொல்லேல்லை." பிறகு போர்வையை மடித்தாள். மடித்ததையே திரும்பவும் பிரித்து மடித்தாள்.

7

ஞாயிற்றுக்கிழமை கொட்டிலில் பத்துப் பன்னிரண்டு பேர் இருந்தார்கள். வலை தைத்துக்கொண்டும், சிவப்பாக இருக்கும் தென்னங்கள்ளைச் சின்னக் கிளாஸ்களில் குடித்துக்கொண்டும் இருந்தார்கள். சங்கத்துக்குத் தலைவர் டினோய் என்ற கிழவர். அவர்களுக்கு என்னுடைய ஆங்கிலம் விளங்காது. அவர்களின் வராய் மொழி எனக்குச் சுத்தமாகத் தெரியாது. மொழிபெயர்க்க என் பக்கத்தில் நின்றவர் ஜோமார். மிலாக்ரோஸ் தூணருகே நின்றார். நிலானியும் சறோவும் மாயாவோடு வீட்டில் இருந்தார்கள்.

ஜோமாரிடம் முதலே தனியாகச் சொல்லியிருக்க வேண்டும். மூன்று நாள் நேரம் இருந்தது. பயத்தில் விட்டுவிட்டேன். ஆக, என் மருமகன் தன் வாயால் சொல்லச் சொல்லத்தான் அதைத் தெரிந்துகொண்டார்.

"அந்தக் கடிதத்தைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும்" என்றேன். அவர் சிரித்த முகத்தோடு மொழிபெயர்த்தார். "கடிதம் உங்கள் இணைப்பால் தொலையவில்லை. முகவரியை நான் பிழையாக எழுதினேன்." அதையும் சொன்னார். கிழவர்கள் தலையை ஆட்டினார்கள்.

"அன்றைக்கே எனக்கு அது தெரிந்துவிட்டது. வேண்டுமென்றே திருப்பி அனுப்பாமல் விட்டேன்."

ஜோமார் என்னைத் திரும்பிப் பார்த்தார். வாய் பாதி திறந்தபடி இருந்தது. எல்லோரும் அவருக்காகக் காத்திருந்தார்கள்.

"திரும்பச் சொல்லுங்கள், அங்கிள்" என்றார்.

திரும்பச் சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் நிலத்தைப் பார்த்தார். பிறகு அவர்களின் மொழியில் பேசினார். நான் பேசியதைவிடக் கூட நேரம் பேசினார்.

பிறகு டினோய் கிழவர் ஏதோ கேட்டார். ஜோமார் பதில் சொன்னார். கிழவர் சிரித்தார், மற்றவர்களும் சிரித்தார்கள். கிழவர் எழும்பி வந்து என் முதுகில் தட்டி, தன் கிளாஸை என் கையில் தந்தார். குடித்தேன். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. மிலாக்ரோஸைப் பார்த்தேன், அவர் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்த மனிதர்களைப் பற்றி எவ்வளவு பெருமையாக நினைத்தேன் தெரியுமா? இரண்டு நாள் தொழிலை விட்டவர்கள், ஒரு கிளாஸ் கள்ளோடு என்னை மன்னித்துவிட்டார்கள் என்று. விமானத்தில் சறோவிடம் அதையே சொல்லிக்கொண்டு வந்தேன். ஜோமார் இரண்டு வரிசை முன்னால் நிலானிக்குப் பக்கத்தில் மாயாவை மடியில் வைத்துக்கொண்டிருந்தார். மணிலாவிலிருந்து மெல்பேர்ன் வரை திரும்பிப் பார்க்கவில்லை. அதைக்கூடப் பொறுத்துக்கொண்டேன். ஊரே மன்னித்தபின் அவரும் வருவார் என்று நினைத்தேன்.

8

ஆறு கிழமை கழித்து, ஒரு சனிக்கிழமை காலை ஜோமார் வந்தார். எங்கள் ஹீற்றர் வேலை செய்யாமல் கிடந்தது. சறோ நிலானியிடம் சொல்லியிருந்தாள். அவர் கருவிப் பெட்டியைத் திறந்து, மூடியைக் கழற்றி வேலை செய்தார். நான் பக்கத்தில் கதிரையில் இருந்தேன்.

"அங்கிள், கொட்டிலில் நான் சரியாக மொழிபெயர்க்கவில்லை" என்றார், முகத்தைத் திருப்பாமல்.

எனக்கு விளங்கவில்லை.

"நீங்கள் வேண்டுமென்றே விட்டதை நான் சொல்லவில்லை. 'இவருக்கு மின்னஞ்சல் பழக்கமில்லை, பிழையாக அடித்துவிட்டார், ஐந்து வருடமாக அதை நினைத்து வருந்துகிறார்' என்று சொன்னேன். டினோய் மாமா, 'என்ன எழுத்தைப் பிழைவிட்டார்?' என்று கேட்டார். சொன்னேன். அதற்குத்தான் சிரித்தார்கள்."

"ஏன் அப்பிடிச் சொன்னீங்கள்?"

"அம்மா அந்த ஊரில்தான் இருக்க வேண்டும்." ஒரு திருகாணியைத் துடைத்து உள்ளங்கையில் வைத்துக்கொண்டார். "சம்பந்தி வீட்டார் அவரை வேண்டாம் என்று தடுத்தார்கள் என்று தெரிந்தால், சந்தையில் ஒவ்வொரு நாளும் அவர்மேல் இரக்கப்படுவார்கள். அவருக்கு அது பிடிக்காது. நான் பிழையாகச் சொன்னது அவருக்குக் கேட்டது. பேசாமல் நின்றார்."

நான் குடித்த கள், முதுகில் விழுந்த தட்டு, எல்லாம் வேறு யாரோ ஒருவருக்குக் கொடுக்கப்பட்டவை. மின்னஞ்சல் தெரியாத ஒரு அப்பாவிக்கு.

"பிரதி பிந்தி வந்த அன்றைக்கே எனக்குச் சந்தேகம் இருந்தது" என்றார். "நிலானியைக் கல்யாணம் செய்ய வேண்டும். அதனால் சந்தேகத்தை நான் வைத்துக்கொள்ளவில்லை." மூடியைப் பொருத்தி, ஹீற்றரைப் போட்டுப் பார்த்தார். சூடு வந்தது. "நிலானிக்கு நான் சொல்லவில்லை. அது என் வேலையில்லை."

அடுத்த நாள் நிலானி மாயாவோடு வந்தாள். மேசையில் இருந்து, தொடக்கத்திலிருந்து தமிழில் சொன்னேன். என் மகள் எனக்கு எப்போதும் ஆங்கிலத்தில்தான் பதில் சொல்வாள். நான் தமிழில் கேட்பேன், அவள் ஆங்கிலத்தில் சொல்வாள். அவள் இந்த நாட்டுக்கு வந்த பதின்மூன்று வருடமாக வீட்டில் அப்படித்தான். அன்றும் ஆங்கிலத்தில் ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"மீனாலா?"

"ஓம்" என்றேன்.

மச்சானின் இறால் சினேகிதர், முந்நூறு பேர், சனம் என்ன சொல்லும், எல்லாவற்றையும் விளக்க ஆயத்தமாக வைத்திருந்தேன். அவள் கேட்ட கேள்விக்கு அந்த ஒரு சொல்லே போதுமாக இருந்தது.

அவள் மாயாவுக்குச் சப்பாத்துப் போட்டாள். சறோ வைத்த தேத்தண்ணி அப்படியே இருந்தது. வாசலில் பிள்ளை மட்டும் திரும்பிக் கையை ஆட்டியது.

பிறகு மச்சானுக்கு எடுத்து உண்மையைச் சொன்னேன். அவர், "சரி, இனி உதுகளை ஏன் கிளறுறாய். ஒருத்தருக்கும் சொல்லாத" என்றார். அதனால்தான் எல்லோருக்கும் எழுதுகிறேன்.

மிலாக்ரோஸுக்குப் புதிதாக அழைப்புக் கடிதம் ஒன்று எழுதி, பெயரை நாலு தடவை சரிபார்த்து அனுப்பினேன். போய்ச் சேர்ந்தது. இரண்டு நாளில் பதில் வந்தது. 'கடிதம் கிடைத்தது. இப்போது மீன் நிறையப் படும் காலம். வர நினைக்கும்போது என் மகனிடம் சொல்கிறேன்.' என் மகனிடம் என்றுதான் எழுதியிருந்தார்.

நிலானி ஏழு கிழமை வரவில்லை. இப்போது சனிக்கிழமைகளில் மாயாவைக் கொண்டுவந்து விடுகிறாள். கார் வீட்டுக்கு முன்னால் வந்து நிற்கும். சறோ போய்ப் பிள்ளையை இறக்கிக்கொண்டு, யன்னலருகே குனிந்து, "உள்ள வந்து ஒரு வாய் சாப்பிட்டிட்டுப் போவன் பிள்ளை" என்பாள். நிலானி தாய்க்கு ஏதோ மெதுவாகப் பதில் சொல்வாள். நான் வாசலில் நிற்பேன். அவள் என்னைப் பார்ப்பாள், தலையைக்கூட அசைப்பாள். எஞ்சினை மட்டும் நிறுத்துவதில்லை.